கொங்கு மின்னகராதி: புதுச் சொல்லுக்கு வாசல் எவ்வளவு அகலம்?

காங்கயம் வாத்தியார்:
நாம் தொடங்கவிருக்கும் கொங்குச் சொல் மின்னகராதியில், சொல்லையும் பொருளையும் இரண்டு கட்டங்களில் எழுதி அனுப்பினால் அது அந்தக் கணமே வெளியாகிவிட வேண்டும் என்று பீளமேட்டு நண்பர் சென்ற வாரம் எழுதியிருந்தார். இதை நான் ஏற்கவில்லை. 'இட்டேரி' என்பதற்கு ஒருவர் 'சந்து' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இருபுறமும் கிளுவை வேலி நிற்க, நடுவில் வண்டியும் மாடும் போகும் மண் தடத்தைத் தம் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அதையே உண்மை என்று கொள்வார்கள். விருந்தாளியைக் குறிக்கும் சொல்லை ஒரம்பரை, ஒறம்பரை, உறம்பரை என்று மூவர் மூன்று விதமாக எழுதினால், ஒரே சொல் மூன்று இடங்களில் குந்தியிருக்கும். ஆகவே சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டுத் தொடர், கேட்ட ஊர் ஆகிய ஐந்தும் இருந்தாக வேண்டும். ஆசிரியர் குழுவில் இருவர் பார்த்த பிறகே அது வெளியாக வேண்டும்.

பீளமேடு நிரலர்:
ஐயா, சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1936இல் ஆறாம் தொகுதியோடு முடிந்தது. 1939இல் அதற்கு ஒரு துணைத் தொகுதி தேவைப்பட்டது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது, அடுத்த பதிப்பு 2008இல், அதற்கடுத்தது 2020இல். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாளில் அச்சிடும்போது இப்படித்தான் ஆகும்; திரையில் நாமும் அப்படியே காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் ஐந்து கட்டங்களை நிரப்பும் ஆளை எனக்குக் காட்டுங்கள்.

எழுத்து வேறுபாட்டை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். ரகர றகரத்தையும் முதலெழுத்தின் உகர ஒகரத்தையும் ஒன்றாகப் பாவித்துத் தேடி, 'இது ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் சொல்வதும் இதுதானா?' என்று அதுவே கேட்கும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளும் உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் யூனிகோடு முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், இருக்கிற சொல்லையே இல்லை என்று சொல்லும் அகராதியாகிவிடும். குறியெண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்பதால், அப்படியே அடுக்கினால் 'கபம்' என்பதற்கு முன்னால் 'கனி' வந்து உட்காரும். நம் அகர வரிசையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு நான் நினைத்திருக்கும் வழி எளிது. அடுக்கிவைத்த பெரிய கோப்பைப் பகலில் தொடுவதில்லை. புதுச் சொற்கள் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் சேரும். தேடும்போது இரண்டிலும் தேடும். இரவில் சிறியது பெரியதில் கலக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத எண் ஒன்று இருப்பதால், நாளைக்கு எழுத்தைத் திருத்தினாலும் அதைச் சுட்டும் இணைப்புகள் அறுந்துபோகா.

திருப்பூர் தையல்காரி:
பனியன் கம்பெனியில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். வாத்தியாரையா, நீங்கள் சொல்லும் இருவருக்குக் 'கைமடி' தெரியுமா? ஓவர்லாக், பேட்லாக் என்று எங்கள் தையல் இயந்திரப் பெயர்களை அனுப்பினால் பிறமொழிச் சொல் என்று ஒதுக்கிவிடமாட்டீர்களா? முன்பு வேறோர் அகராதிக்கு ஒரு சொல் அனுப்பினேன்; வேண்டாம் என்றுகூட ஒரு வரி பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் எதையும் அனுப்பவில்லை.

கோபி மஞ்சள் மண்டி:
உடனே வெளியிட்டு, 'சரிபார்க்கப்படாதது' என்று சாம்பல் நிறத்தில் காட்டினால் போகிறது.

காங்கயம் வாத்தியார்:
போகாது. திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தச் சாம்பல் நிறத்தை யார் பார்க்கிறார்கள்?

அம்மணி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வேலைக் களத்தில் புழங்கும் சொல் எந்த மொழியிலிருந்து வந்திருந்தாலும் சேர வேண்டும். அந்தக் களத்தில் இருப்பவரே அதைப் பார்க்கவும் வேண்டும். சான்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். தமிழ் விக்சனரி யாரும் எழுதலாம் என்று திறந்துவைக்கப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேல் சொற்கள் சேர்ந்திருப்பது பெரிய காரியம். ஆனால் பல பதிவுகளில் ஓர் இணைச்சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை; அந்தச் சொல்லை யார் எப்போது எப்படிச் சொல்வார்கள் என்று தெரிவதில்லை. வினைச்சொற்களை என்ன செய்யப் போகிறீர்கள்? 'வெசனப்பட்டாள்', அதாவது கவலைப்பட்டாள், என்று தேடுகிறவருக்கு 'வெசனப்படு' கிடைக்க வேண்டும். அதற்கு இலக்கண வகை தெரிந்தாக வேண்டுமே.

பீளமேடு நிரலர்:
அந்தக் கட்டத்தைத்தான் எடுத்துவிடச் சொல்கிறேன். 'தன்வினை, பிறவினை' என்று கேட்டால் என் அம்மாவே கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார். மாறாக, 'நேற்று என்ன செய்தாள், நாளைக்கு என்ன செய்வாள்' என்று கேட்கலாம். பட்டாள், படுவாள் என்றால் ஒரு வாய்பாடு. படுத்தாள், படுப்பாள் என்றால் இன்னொன்று. இந்த இரண்டு விடைகளைக் கொண்டே மற்ற வடிவங்களை இயந்திரம் ஆக்கிக்கொள்ளும். இலக்கணம் படிக்காதவரும் பிழையின்றிச் சொல்லிவிடுவார்.

திரையைப் படம் பிடித்து அனுப்புவது பற்றிய வாத்தியாரின் கவலை நியாயமானது. அதை நான் யோசிக்கவில்லை. சரிபார்க்காத சொல், அதையே முழுதாகத் தட்டித் தேடுகிறவருக்கு மட்டும் தெரியட்டும். பொருளின் தொடக்கத்திலேயே 'ஒருவர் சொன்னது' என்ற சொற்கள் இருக்கட்டும். அகர வரிசைப் பட்டியலிலும் தரவிறக்கத்திலும் அது வராது. எடுத்துக்காட்டுத் தொடர் கட்டாயம் என்பதற்கு உடன்படுகிறேன். எழுத முடியாதவர் பேசி அனுப்பலாம். ஊர்ப் பெயரைக் கட்டாயமாக்குவதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

காங்கயம் வாத்தியார்:
ஊர் இல்லாத வட்டாரச் சொல்லா? அதைத் தனியாகப் பேசுவோம். முதலில் அம்மணியின் சொல்லையே வைத்துப் பார்க்கலாம். கைமடி என்பது வேலையா, ஆளா?

திருப்பூர் தையல்காரி:
தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக்கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் வேலை. அதைச் செய்கிற ஆளும் கைமடிதான். எடுத்துக்காட்டு கேட்டீர்கள்: 'டெய்லர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை.' இது எங்கள் கம்பெனி வாசல் பலகையில் இருப்பது. 'இன்றைக்குக் கைமடி வரவில்லை, நீயே மடித்துக்கொள்.' இது இன்று காலையில் எனக்குக் கிடைத்தது.

காங்கயம் வாத்தியார்:
இரண்டு பொருள், இரண்டு தொடர். நான் பார்த்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்ப்பதற்கு உங்கள் வரிசையிலிருந்தே இன்னொருவரைச் சொல்லுங்கள், அம்மணி.