மாருதி 800 லோயர் ஆர்ம்ல துருப்பிடிச்சு ஓட்டை: வெல்டு போதுமா, மாத்தியே ஆகணுமா?

#1 உப்புக்காத்து
வணக்கம். வண்டி 2006 மாருதி 800. அப்பா வாங்கினது, இப்ப நான் ஓட்டுறேன். ஊர் தூத்துக்குடி, வீடு உப்பளம் போற ரோட்டுல. முன்னாடி போற உப்பு லாரியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே போகும், அந்த ஈரத்துலதான் தினமும் போய் வாரேன்.

போன வாரம் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் 'டொக்'குனு ஒரு சத்தம். ஜாக்கி போட்டுப் பாத்தா, சக்கரத்தை அடியில பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம் முழுக்கத் துரு, அப்பளம் மாதிரி செதில் செதிலா எந்திரிச்சு நிக்குது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசாத்தான் அமுக்கினாரு. உள்ள போயிட்டு. இப்ப சுண்டுவிரல் நுழையிற ஓட்டை.

அவரு தகடு வச்சு வெல்டு அடிக்க 700 ரூபா கேக்காரு. இன்னொரு பட்டறையில ரெண்டு பக்கமும் ஆர்மை மாத்தணும், போல்ட்டு இறுகிக் கெடக்கு, கூலியோட 4,500 ஆகும்ங்காங்க. ஆர்.சி. வேற புதுப்பிக்கணும். எதைச் செய்யட்டும்?

#2 பட்டறைக்காரன்
தம்பி, ஒரு ஓட்டைக்கு 4,500ஆ? நான் இருபது வருசத்துக்கு மேல வெல்டு அடிக்கேன். லாரி சேசிஸையே வெட்டி ஒட்டி அனுப்புதோம், பத்து டன் ஏத்திட்டு ஓடுது. உங்க வண்டி மொத்த எடையே 650 கிலோதான். துருவைக் கிரைண்டர்ல சீவிட்டு நல்ல தகடா வச்சு அடிச்சா ஆர்ம் பழசை விடப் பலமாயிரும். கடையில புதுசுன்னு குடுக்கதுல பாதி டூப்ளிகேட்டு, தகட்டைத் தொட்டாலே தெரியும்.

#3 முறுக்குவிசை
பட்டறைக்காரன் அண்ணன் மேல மரியாதை உண்டு, ஆனா லாரி சேசிஸை இதுக்கு உதாரணமா சொல்லாதீங்க. சேசிஸ் கனமான சேனல். ரெண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், சுத்தம் பண்ணலாம், விரிசல் விட்டாலும் மெதுவாத்தான் ஓடும். லோயர் ஆர்ம் அச்சுல வச்சு அழுத்தி எடுத்த மெல்லிசுத் தகடு. ஸ்க்ரூ டிரைவர் ஒரு இடத்துல உள்ள போச்சுன்னா அதைச் சுத்தி நாலு விரக்கடைக்குத் தகடு பாதியாத் தேஞ்சிருக்கும். நீங்க தகட்டை ஒட்டப்போறது அந்தத் தேஞ்ச இடத்து மேலதான். வெல்டு ஓரம் கெட்டியா இருக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்கிறது நைஞ்ச துணி. அடுத்த விரிசல் அங்கதான் வரும். வெல்டு சூட்டுல மறுபக்கம் பெயின்ட் கருகிடும், மடிப்புக்குள்ள பிரஷ் எட்டாது. ஆறு மாசத்துல உள்ளேருந்து திரும்பத் துரு.

ஆர்ம் அறுந்தா என்ன நடக்கும்னு சொல்லிடறேன். சக்கரத்தோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதே அதுதான். அது விட்டா சக்கரம் கீழ்ப்பக்கம் வெளியே சாயும், சக்கரத்தைச் சுழட்டுற தண்டு (டிரைவ் ஷாஃப்ட்) கியர் பாக்ஸை விட்டு உருவிக்கும், வண்டி அந்தப் பக்கமா உக்காந்துடும். ஸ்டியரிங்ல ஒண்ணும் செய்ய முடியாது.

#4 கொங்கு ஸ்டியரிங்
ஏனுங்க, 2014 ஜனவரியோட கம்பெனியே இந்த வண்டி செய்யறதை நிறுத்திட்டானுங்க. ஆர்ம் மாத்தினா அடுத்து ஸ்பிரிங், அப்புறம் பிரேக் பைப்பு, அப்புறம் தரைத்தகடு. எடைக்குப் போட்டுப்போட்டு வேற வண்டி பாருங்க.

#5 உப்புக்காத்து
அண்ணா, இஞ்சின் கும்முனு இருக்கு. அப்பா இந்த வண்டியிலதான் எனக்கு ஓட்டப் பழக்கினாரு. எடைக்குப் போடுறதா இல்ல. நீங்க ஈரோட்டுல இருந்துக்கிட்டு துருவைப் பத்திப் பேசுறது எங்க ஊருக்காரன் பனியைப் பத்திப் பேசுற மாதிரி 😀

#6 பட்டறைக்காரன்
முறுக்குவிசை சார், படிச்சவுக நல்லாத்தான் சொல்லுதிய. தூத்துக்குடி வண்டியில அந்த போல்ட்டை நீங்க என்னைக்காவது கழட்டிப் பாத்திருக்கியளா? நட்டு கழண்டிரும். போல்ட்டு வராது. ஆர்ம் முனையில இருக்க ரப்பர் உருளைதான் புஷ்ஷு, அதுக்கு உள்ள இருக்க இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவேறி ஒண்ணா ஒட்டிக்கிடும். பெரிய பைப்பை மாட்டி மிதிச்சா ரப்பர் மட்டும் சுத்தும், இல்லைன்னா பாடியில இருக்க பிராக்கெட்டு கிழியும். 700 ரூபா வேலை அப்போ எங்க போய் நிக்கும்? அதைத்தான் அந்த மெக்கானிக்கு யோசிச்சிருப்பாரு. ஏமாத்தணும்னு சொல்லல.

#7 முறுக்குவிசை
கழட்டியிருக்கேன் அண்ணே. பழவேற்காட்டுப் பக்கத்து வண்டி, ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நாள் ஆச்சு. கை தோல் உரிஞ்சதுதான் மிச்சம். நீங்க சொன்ன மாதிரியேதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் அடைக்கும். ஆப்பு வச்ச மாதிரி உள்ளேயே இறுக்கிடும்.

நான் செஞ்சது இதுதான். மூணு நாள் முன்னாடியே கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, காலையும் ராத்திரியும் துரு இளக்குற ஆயில் விட்டேன். கழட்டும்போது முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் திருப்பிட்டு அப்புறம்தான் இந்தப் பக்கம். அதுக்கும் அசையலைன்னா பைப்பு போட்டு மல்லுக்கு நிக்கக்கூடாது. ஆர்மே போகப்போகுது, புஷ்ஷைக் காப்பாத்தி என்ன செய்ய? பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல ஆக்சா பிளேடை விட்டு போல்ட்டை ரெண்டு பக்கமும் அறுத்துட்டேன். கேஸ் பிடிச்சுச் சூடு காட்டலாம்தான், ஆனா ரப்பர் புகையும், சமயத்துல பத்திக்கும்.

புது போல்ட்டு வாங்கும்போது தலையைப் பாருங்க. 8.8னு எண் அடிச்சிருக்கணும். வெறும் தலை போல்ட்டு கதவுக் கீலுக்குத்தான் ஆகும்.

இன்னொண்ணு, பல பட்டறையில இதை விட்டுடறாங்க. சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டைக் கடைசி வரைக்கும் இறுக்கக்கூடாது. வண்டியை இறக்கி, அதோட எடை சக்கரத்துல உக்காந்த பிறகுதான் முழுசா இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுகின நிலையிலேயே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சு பழைய 'டொக்' திரும்ப வரும்.

#8 கடலோரம்
நாகப்பட்டினத்துல இருந்து எழுதுறேன். இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி அடிப்பக்கம் பூரா வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து அடிச்சிடுவேன். என் வண்டிக்குப் பதினாறு வயசு, அடியில துரு பேருக்குக்கூட இல்லை.

#9 முறுக்குவிசை
தகட்டுக்கு நல்லதுதான், ரப்பருக்கு ஆகாது. ஆயில் பட்டுப்பட்டு புஷ்ஷெல்லாம் ஊதி, பிசுபிசுன்னு ஆயிடும். அடுத்த மழைக்கு அந்தக் கழிவெல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். அதுக்கு மேல மண்ணு வேற அப்பிக்கும், உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கே தெரியாது.

#10 கடலோரம்
புஷ் போனா நூறு இருநூறுல மாத்திக்கலாம். தகடு போனா? உங்களுக்கு எல்லாமே புஸ்தகத்துல இருக்கிற மாதிரி நடக்கணும்.

#11 முறுக்குவிசை
அப்ப புஷ்ஷை பாலித்தீன் பையால மூடிக் கட்டிட்டாவது அடிங்க. அதை விட நல்ல தண்ணியில அடிப்பக்கத்தைக் கழுவுறதுக்கு ஈடே கிடையாது. மழை இல்லாட்டி வண்டி காய்ஞ்சிருக்குன்னு நினைக்கிறோம். உப்பு படிஞ்சிருந்தா காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அது தானா நீர்த்து ஒழுக ஆரம்பிச்சிடும். கடலோரத்துல ராத்திரி சர்வசாதாரணமா அந்த அளவு வரும். வண்டி சும்மா நிக்கும்போதும் துரு வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

#12 உப்புக்காத்து
ஆர்மை மாத்துறதுன்னு முடிவு பண்ணி இன்னைக்கு வண்டியைப் பிட்டுல ஏத்தினோம். இப்ப புதுத் தலைவலி. ஆர்ம் மாட்டுற பாடி பிராக்கெட்டுக்கு மேல, தரைத்தகடு சேர்ற ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்குத் துரு. சுத்தியல் பின்பக்கத்தால தட்டிப் பாத்தேன். மத்த இடத்துல 'டிங்'குனு கேக்கு, அங்க மட்டும் 'சொத்'துங்குது. போட்டோ போட்டிருக்கேன்.

#13 கொங்கு ஸ்டியரிங்
நாந்தான் அப்பவே சொன்னனுங்களே.

#14 முறுக்குவிசை
போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பிராக்கெட் நல்லா இருக்கு, தகடுதான் போயிருக்கு. இதை விட்டுட்டு புது ஆர்ம் மாட்டினா பிரயோஜனமே இல்லை, இழுவை எல்லாம் அந்தத் தகட்டுக்குத்தான் போகும். இங்க வெல்டு அடிச்சே ஆகணும். பட்டறைக்காரன் அண்ணன்தான் சொல்லணும்.

#15 பட்டறைக்காரன்
இப்பவாது எங்க ஞாபகம் வந்திச்சே 😀 தம்பி, ஓட்டை மேல தகட்டை ஒட்டவே விடாதிய. சொத்தைத் தகட்டை 'டிங்'குனு சத்தம் கேக்க இடம் வரைக்கும் வெட்டி எடுக்கணும், அதே கனத்துல தகடு வளைச்சு வைக்கணும். ஆர்க்குல அடிச்சா மெல்லிசுத் தகடு பொத்துக்கிடும், எம்.ஐ.ஜி. (கம்பி தானா வந்து, கேஸ் மூட்டத்துல அடிக்க வெல்டு) வச்சிருக்க ஆளாப் பாருங்க. ஒரே இழுப்பா இழுக்காம புள்ளி புள்ளியா வச்சு, ஆறவிட்டு அடிக்கணும். இது எம்.பி.எஃப்.ஐ. வண்டி, பெட்ரோல் விடுறதைக் கம்ப்யூட்டர்தான் கவனிக்கு, முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டிருங்க, இல்லைன்னா கம்ப்யூட்டர் போயிரும். வண்டிக்குள்ள அந்த இடத்துல இருக்க கால்மிதி மேட்டைத் தூக்கிருங்க, எனக்கு ஒரு தடவை சீட்டே புகைஞ்சிட்டு. முடிஞ்சதும் துரு தடுக்க பிரைமர், அதுக்கு மேலதான் அண்டர் கோட்டிங். துரு மேலயே அண்டர் கோட்டிங் அடிக்கது புண்ணை மூடி வச்சுக் கட்டுத மாதிரி, உள்ள சீழ் வைக்கும்.

ஆர்மும் வெல்டு அடிச்சாத் தாங்கும்னுதான் இப்பவும் சொல்லுதேன். நாலு மாசம் தாங்கும். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்.

#16 உப்புக்காத்து
வேலை முடிஞ்சது. நாலு நாள், 6,800 ரூபா. ரெண்டு ஆர்ம், தகடு வேலை, முன் சக்கரத்தை நேரா நிறுத்துற டோ செட்டிங் எல்லாம் சேர்த்து. இடது போல்ட்டு ரெண்டு நாள் ஆயில் குடிச்சும் அசையல, பிளேடுதான். வலதுபக்கம் ஆச்சரியமா கையாலயே வந்துட்டு.

பழைய இடது ஆர்மை வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில ஒரு தட்டு தட்டினேன். மடிப்புக்குள்ள இருந்து ரெண்டு கை நிறையச் செம்மண் மாதிரி கொட்டுச்சு. அப்பா அதை விரல்ல தொட்டு, நாக்குல வச்சுப் பாத்துட்டு "உப்புல"ன்னாரு.

#17 கடலோரம்
வாழ்த்துகள் தம்பி. ஐப்பசிக்கு முன்னாடி வேஸ்ட் ஆயில் அடிச்சிடுங்க.

#18 முறுக்குவிசை
அடிக்காதீங்க.