மேல் வீட்டுக் காலடிச் சத்தம்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

மேல் வீட்டில் பேசுவதும் டிவியும் எங்களுக்குக் கேட்காது. குதிகால் ஊன்றி நடந்தால் மட்டும் தொம் தொம்மென்று தலையில் இறங்கும். பேச்சு காற்றில் வரும் சத்தம், கனமான கான்கிரீட் தளம் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காலடியோ தளத்தையே அதிர வைக்கிறது. அந்த அதிர்வு சுவர் வழியாகவும் இறங்கும். சுவரில் காதை வைத்தால் தெரியும்.

படுக்கையறை சீலிங்கில், முன்பு குடியிருந்தவர் ஒட்டிய முட்டை அட்டை மாதிரியான ஃபோம் இருந்தது. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பாவம், அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

அதை எடுத்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டோம். சாதாரண வகை இல்லை. ரப்பர் வைத்த கிளிப்பில் தொங்கும் சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), அடியில் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, சுவரோர இடைவெளி முழுக்க, இறுகிக் கெட்டியாகாத சீலன்ட் என்ற அடைப்புப் பசை. சட்டம் லேசாக ஆடுகிறதே என்று வேலைக்கு வந்தவர் அதை நேராகத் தளத்தோடு சேர்த்துத் திருகப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அப்படி இறுக்கிய இடம் ஒவ்வொன்றும் அதிர்வு இறங்கிவர வழி. ஃபேன் கம்பியையும் போர்டில் படாமல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை சீலன்டால் அடைக்கச் சொன்னேன்.

நாற்காலி இழுக்கும் சத்தம் ஏறக்குறைய போய்விட்டது. தொம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இப்படித் தாழ்ந்து கனமாக வரும் சத்தங்களை நிறுத்துவதுதான் இதில் ஆகக் கஷ்டம். அறை உயரமும் கொஞ்சம் போச்சு.

*

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான், ஆனால் நான் சீலிங்கைத் தொடவே இல்லை. மேல் வீட்டு அம்மாவை எங்கள் அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவர் மகன் மேலே எப்போதும் போல நடந்தான். "இவ்வளவா கேக்குது?" என்று அவரே பதறிவிட்டார். அடுத்த வாரமே நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட், நடக்கும் இடத்தில் கார்ப்பெட், அதற்கடியில் தடித்த ரப்பர் விரிப்பு எல்லாம் வந்துவிட்டன. அடி விழும் இடத்திலேயே மெத்தென்று ஆக்கிவிட்டால் தளம் அவ்வளவாக அதிராது. கீழே எத்தனை போர்டு அடித்தாலும் சுவர் வழியாக வருவது வந்துகொண்டேதான் இருக்கும். கேட்கக்கூடிய மனிதர்கள் மேலே இருந்தால் முதலில் பேசிப் பாருங்கள் என்பேன்.

*

எங்கள் மேல் வீட்டுக்காரரிடம் பேசியும் பலனில்லை. வாடகை வீடு, சீலிங்கிலும் கை வைக்க முடியாது. இரவில் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள்கிறோம். அந்த இரைச்சலில் நாற்காலிச் சத்தம் அமுங்கிவிடுகிறது, குதிகால் அமுங்கவில்லை.

*

முதலில் எழுதியவன்தான். கார்ப்பெட் யோசனையை மேல் வீட்டில் சொல்லியிருக்கிறேன், சரி என்றார்கள். ஆனால் இப்போது டிரெட்மில் வேறு வாங்கியிருக்கிறார்கள். அதற்கு அடியில் என்ன போட்டால் கீழே அதிராது என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.