கல்விக் கண்காட்சியில் நம்மிடம் வந்தவர்கள்

கண்காட்சி மேசைகளில் நின்ற முன்னாள் மாணவர்கள் மூவர் எழுதுகிறார்கள்.

பினாங்கு, ஜெலுத்தோங்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மில் படித்து முடித்துப் பதினோரு வருஷமாகிறது. கண்காட்சிக்கு முன்னாள் மாணவர்கள் யாராவது வருவீர்களா என்று கேட்டால் மறுத்ததே இல்லை. சம்பளம் கிடையாது. ஒரு சட்டையும் மதியத்துக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் கிடைக்கும். போன முறை பாயான் பாருவில், ஸ்பைஸ் அரங்கில் நின்றேன்.

பத்தரை மணி இருக்கும். ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். பையனின் இரண்டு கையிலும் கல்லூரிகள் கொடுத்த பைகள். அம்மா மேசையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார். பக்கத்திலிருந்த அலுவலர் மலாயில் விளக்க, பையன் தலையாட்டினான். அம்மா ஒரு கட்டணத் தாளை எடுத்தார். படிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அட, நம்ம பிள்ளையா நீ!" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. மகனுக்கு சிவில் இன்ஜினியரிங் ஆசை. ஆறாம் படிவம் படிக்கிறான். தினமும் பினாங்குப் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து போனால் பெட்ரோலுக்கே காசு போதாது, தீவில் வீடெடுத்துத் தங்க வைக்கவும் வழியில்லை. "இவங்க அப்பா இல்லம்மா. நான் ஒருத்திதான்" என்றார்.

வீடு எங்கே என்று கேட்டேன். நிபோங் திபால் என்றார்.

யுஎஸ்எம்மின் பொறியியல் வளாகம் இருப்பதே நிபோங் திபாலில்தான்! தலைமை வளாகம் தீவில், கெலுகோரில் மிண்டென். மருத்துவ வளாகம் கிளந்தானில், குபாங் கிரியானில். அங்கே படித்த எங்களுக்கு இது மனப்பாடம். வெளியில் இருப்பவர்களுக்கு யுஎஸ்எம் என்றால் பினாங்குத் தீவு, அதோடு முடிந்தது. கட்டணத் தாளின் பின்பக்கத்தில் மூன்று வட்டம் போட்டு ஊர்ப் பெயர்களை எழுதிக் காட்டினேன். "அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறேன். அங்க சின்னக் கிளைதான் இருக்குன்னு நெனச்சேன். இன்ஜினியரிங் முழுசும் அங்கயா?" என்று இரண்டு தடவை கேட்டார். நிபோங் திபால் என்று எழுதிய வட்டத்தின் மேல் விரலை வைத்தவர், பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

பையனிடம் ஆங்கிலத் தேர்வான மூயெட் எழுதிவிட்டானா என்று கேட்டேன். எழுதவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க அது கட்டாயம். ஆறாம் படிவ முடிவுத் தேர்வான எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளி வாங்கிவிட்டு இந்த ஒன்றை விட்டதால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்த அமர்வில் எழுதுவது என்று ஆசிரியரிடம் திங்கட்கிழமையே கேட்கச் சொன்னேன்.

முதல் இரண்டு வருஷம் நான் பெருமை பேசத்தான் போனேன். 1969இல் தொடங்கியது, நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம், 2008இல் அரசின் அபெக்ஸ் என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது என்று ஒப்பிப்பேன். ஒரு பெற்றோர்கூட அதைக் கேட்டு வந்ததில்லை. ராத்திரி நூலகத்திலிருந்து பெண்பிள்ளை நடந்து வரலாமா, மரக்கறி சாப்பாடு கிடைக்குமா, நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள், இப்படித்தான் கேட்கிறார்கள். மிண்டெனில் மேடு பள்ளம் அதிகம், பிள்ளைக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள் என்பேன். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. அங்கே நாலு வருஷம் நடந்தவளுக்குத்தான் தெரியும்.

கோலாலம்பூர், செந்தூல்

நான் மணிப்பாலில் மருத்துவம் படித்தவன். கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடந்த கண்காட்சிக்கு என் கல்லூரிக்காகப் போயிருந்தேன். அன்று மாலை ஒரு தகப்பனார் வந்து மேசையில் ஒரு ரசீதை வைத்தார். 500 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு, இன்னொரு வரிசையிலிருந்த முகவரிடம் மத்தியானம் கட்டியது. "இன்னிக்கே கட்டினா கழிவுன்னாங்க டாக்டர். சரிதானே?"

மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பட்டியலைக் கைப்பேசியில் திறந்து இருவருமாகத் தேடினோம். அந்தக் கல்லூரி இல்லை. அங்கே படித்தால் திரும்பி வந்ததும் மன்றம் வைக்கும் தேர்வில் தேறியாக வேண்டும், தேறினால்தான் பயிற்சி மருத்துவராகச் சேரலாம் என்று சொன்னேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பணம் திரும்பத் தரப்படாது. அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூடப் போய்ப் பேசிப் பார்த்தேன். தரவில்லை. அவருடைய மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "500தானேப்பா போச்சு, வீடு போகலயே" என்றாள்.

அன்றிலிருந்து என் மேசைக்கு யார் வந்தாலும் முதலில் பட்டியலைத் திறந்து காட்டுகிறேன். உள்நாட்டுக் கல்லூரி என்றால், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்க்யூஏவின் பதிவேட்டில் பாருங்கள். எம்க்யூஏ அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனும் கிடைக்காது. 2016 டிசம்பரிலிருந்து பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்த முறையில்தான் எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். என் கல்லூரிக்கு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை.

கோலாலம்பூர், கெப்போங்

நான் ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக். 1969இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். எங்கள் மேசைக்கு நம்மவர்கள் அவ்வளவாக வருவதில்லை. பலகையைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அது வலிக்கிறது. டிப்ளோமா முடித்து அதே வழியில் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் என் வகுப்பிலேயே ஆறு பேர்.

போன கண்காட்சியில் ஒரு தம்பி மூன்று முறை எங்கள் மேசையைக் கடந்து போனான். நான்காம் முறை நானே கூப்பிட்டேன். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் செஜாரா (வரலாறு) போய்விட்டது, மற்ற பாடங்கள் சுமார். 2013இலிருந்து செஜாரா தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.

"அந்த ஒரு பாடத்த மட்டும் மறுபடி எழுதலாம் தம்பி" என்றேன்.

"ஒண்ணு மட்டுமாண்ணே?"

"ஒண்ணு மட்டும். தேறிட்டு வா, நாம பேசலாம்."

கையேட்டின் ஓரத்தில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மறுதேர்வுக்குப் பதிந்த சீட்டு. கீழே, "அண்ணே, அப்பாகிட்ட சொல்லிட்டேன். திட்டல" என்று எழுதியிருந்தான்.