ஐஸ் ஹவுஸ் கதையில் ஒன்பது நாள் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

திருவல்லிக்கேணிக்காரன்:
சென்னை காமராஜர் சாலையில் மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் விவேகானந்தர் இல்லம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஏரியாவில் அது ஐஸ் ஹவுஸ்தான். பஸ் ஸ்டாப்பும் போலீஸ் ஸ்டேஷனும்கூட அந்தப் பேரில்தான் இருக்கின்றன. பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடர், கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842 வாக்கில் கட்டிய கிடங்கு அது. அப்புறம் வக்கீல் வீடு, மடம், இளம் விதவைகளின் விடுதி, ஆசிரியைப் பயிற்சி மாணவிகளின் ஹாஸ்டல், கடைசியாக 1999 டிசம்பரிலிருந்து கண்காட்சி. இத்தனை பிறவி எடுத்த கட்டடத்தில் சுவாமி விவேகானந்தர் தங்கியது 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள். அவர் தங்கியதைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே போய்விட்டு வரும் பத்துப் பேரிடம் சகோதரி சுப்பலட்சுமி யார் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? விவேகானந்தருக்குக் கொடுத்த அளவுக்கு, அந்த விதவைகள் விடுதியை நடத்திய அந்த அம்மாவுக்கும் அங்கே ஓர் அறை வேண்டும், அதற்கு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாடவீதி:
நாள் கணக்குப் பார்த்து வரலாறு எழுத ஆரம்பித்தால் கஷ்டம் சார். மதுரை மேலமாசி வீதியில் காந்தி எத்தனை நாள் இருந்தார்? 1921 செப்டம்பர் 22 அன்று காலை அந்த வீட்டில்தான் அரையாடைக்கு மாறினார். அதற்காகத்தான் இன்றும் அந்த வீட்டைத் தேடிப் போகிறோம். இங்கேயும் அப்படித்தான். பிப்ரவரி 6 அன்று எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கிய விவேகானந்தரை வண்டியில் ஏற்றி, வழியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்துக்கொண்டு வந்தார்கள். இங்கே தங்கியபடிதான் விக்டோரியா ஹாலிலும் மற்ற இடங்களிலும் பேசினார். சென்னையில் ஒரு மடம் வேண்டும் என்று இங்கே கேட்டதன் பேரில்தான் தன் சக துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பி வைத்தார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடம் வேர் பிடித்தது இந்த வீட்டில்.

இன்னொன்று. இதே மாதிரி ஐஸ் ஹவுஸ் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தன. இரண்டும் இடிந்து போயின. இது மட்டும் ஏன் நிற்கிறது என்று யோசியுங்கள்.

சுண்ணாம்பு:
பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ரோட்டிலிருந்து நாம் பார்க்கும் தோற்றம் டியூடர் கொடுத்ததல்ல. பனிக்கட்டிக் கிடங்கென்றால் தடித்த சுவர் இருக்கும், வாசல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெளிக்காற்று உள்ளே போனால் சரக்கு தண்ணீராகிவிடும். மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பாளங்களை மரத்தூளில் புதைத்து அனுப்பினார்கள். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். நாலு மாதப் பயணத்துக்கு அப்புறம் இறங்கியது சுமார் 100 டன். அதுவே பெரிய வெற்றி! சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். இன்றைக்கிருக்கிற அகலமான மணல் அப்போது இல்லை, கடல் கிட்டத்திலேயே இருந்தது. துறைமுகச் சுவர் எழுந்த பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்தது.

1870களில் ஊரிலேயே மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. அப்புறம் வாங்கியவர் ஹைகோர்ட் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். தன் நண்பரான நீதிபதி கெர்னன் பெயரில் 'கேஸில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். ஜன்னல்கள் திறந்து, வராந்தாக்கள் கட்டி, குளிரைப் பூட்டி வைத்த இடத்தை மனிதர் மூச்சுவிடும் இடமாக மாற்றப் பார்த்தார். இவர் மட்டும் வாங்கியிருக்காவிட்டால் சுவாமிஜி தங்க வீடும் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடக் கட்டடமும் இல்லை. ஏழை மாணவர்களுக்கும் அங்கே இலவசமாக இடம் கொடுத்தார். அவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

வேலிகாத்தான்:
எல்லாம் சரி. வெள்ளைக்காரத் துரை ஒயினைக் குளிர வைக்க வந்த ஐஸுக்கு இன்றைக்கு ஏன் உருக வேண்டும்? சுப்பலட்சுமி இல்லம் என்கிறீர்களே, அது பிராமண விதவைகளுக்கு மட்டும் நடந்த விடுதி. அரசுப் பணத்தில், அரசுக் கட்டடத்தில். அவருக்கு அறை வைத்தால் அதையும் சுவரில் எழுதுவீர்களா, இல்லை 'சமூக சேவகி' என்று மாலை போட்டு முடித்துவிடுவீர்களா?

தேன்மொழி:
எழுதட்டும். கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் முழுசாக எழுத வேண்டும். 1886இல் பிறந்த பெண், பதினொரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே விதவை. தலையை மழிக்க விடாமல் அப்பா படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்கிறார்கள். மறுவருடமே எழும்பூரில் சில சிறுமிகளை வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் பிறகு ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. 1917இல் அரசு இந்தக் கட்டடத்தை வாங்கியது. காலையில் எதிரே வந்தால் அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய குழந்தைகளுக்கு கடலைப் பார்த்த ஜன்னல் கிடைத்தது. கஞ்சி ஊற்றி மூலையில் உட்கார வைக்கிற இடமாக அவர் அதை நடத்தவில்லை. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், அதற்குப் பெண் வாத்தியார் வேண்டும், வாத்தியாராக இந்தப் பிள்ளைகளையே ஆக்கலாம் என்பது அவர் கணக்கு. 1922இல் வந்த லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவர்தான் முதல் பிரின்சிபால்.

சாதி வட்டத்துக்குள் தொடங்கியது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. என் அத்தை எழுபதுகளில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.எட். படிக்க வந்து அதே கட்டடத்தில் ஹாஸ்டலில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் டீச்சர். உப்புக் காற்றில் டிரங்குப் பெட்டிப் பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பாது, தேங்காய் எண்ணெய் விட்டுத் திறப்போம் என்பார். 1993 வரை இப்படி எத்தனையோ பெண்கள் அங்கிருந்து டீச்சராகி வெளியே போனார்கள். அந்தப் பெண்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டு எழுதி வைக்கலாம் அல்லவா?

மாடவீதி:
தேன்மொழி சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏதோ மடம் வந்து மற்ற கதைகளை அழித்துவிட்ட மாதிரி பேச்சு போகிறது. 1902இல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். விலை ஏற ஏற அன்பர் ஒருவர் பதறிப்போய் வந்து சொல்ல, யார் வாங்கினால் நமக்கென்ன, நமக்கு வேண்டியது கொஞ்சம்தானே என்று சொல்லிவிட்டார். பிறகு அதே வளாகத்து அவுட்ஹவுஸில் இருந்துவிட்டு 1907இல் மயிலாப்பூர் போனார்கள். திரும்பி வந்தது 1997இல், அதுவும் குத்தகைக்கு. சுப்பலட்சுமி தொடங்கிய சாரதா வித்யாலயாவை இன்றும் நடத்துவது ராமகிருஷ்ண மிஷன்தான். அவரை மறந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது அநியாயம்.

திருவல்லிக்கேணிக்காரன்:
நான் மடத்தைக் குற்றம் சொல்லவே இல்லையே. கட்டடம் அரசுடையது. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963இல் பேரை மாற்றியதும் அரசுதான். உள்ளே ஆசிரியை மாணவிகள் குடியிருக்கும்போதே வாசலில் பேர் மாறியது, கவனியுங்கள். குத்தகைக்கு எடுத்தவர்கள் தங்கள் குருவைப் பற்றித்தான் பேசுவார்கள், அதில் தப்பில்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியது சொந்தக்காரரின் வேலை. மேலமாசி வீதி உதாரணமும் எனக்குத்தான் சாதகம். அந்த வீட்டில் கதர்க்கடை நடக்கிறது. காந்தி பேரைச் சொல்லிக்கொண்டே வீடு வேறு வேலையும் பார்க்கிறது.

வேலிகாத்தான்:
அப்போ மனு அரசுக்கா? எந்தத் துறைக்கு? எழுதுங்கள், 'பிராமண விதவைகள் விடுதி' என்ற வார்த்தை அதில் இருந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மாடவீதி:
விவேகானந்தர் தங்கிய அறை தியான அறை. அதன் பக்கத்தில் எதையும் மாட்டக் கூடாது. அதைத் தெளிவாக எழுதாமல் என் பேரைச் சேர்க்காதீர்கள்.

சுண்ணாம்பு:
யார் பேரில் அறை வைத்தாலும் சுவரில் சிமென்ட் பூசி ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர், கடல் காற்று வேறு. படங்களைத் தனி ஸ்டாண்டில் வையுங்கள். இதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.