விற்பவர் ஒருவர்தான், மூன்று விலைப்புள்ளிக்கு எங்கே போவது?

தனியார் மருத்துவமனையில் 11 வருடம் நிர்வாகம் பார்த்துவிட்டு, மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவுக்கு வந்தேன். துணிகளையும் கருவிகளையும் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் கதவு கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பிய்ந்து நீராவி கசிகிறது. அறுவைச் சிகிச்சைத் துணிக்கட்டுகள் ஈரமாகவே வெளியே வருகின்றன. 2015இல் வாங்கிய இயந்திரம். முன்பு என்றால் ஒரு போன், சாயங்காலமே பொருள் வந்துவிடும். இங்கே மக்கள் பணம், ஒவ்வொரு ரூபாய்க்கும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். அது சரிதான். ஆனால் மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கு என்றால், இந்தக் கேஸ்கெட்டை விற்பவர் ஒருவர்தான்.

விற்பவர் இவர் ஒருவர்தான் என்று தயாரிப்பாளரின் கடிதம் வைத்தேன். ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கு விலக்கு தரும், தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைச் சுட்டிக் குறிப்பு எழுதினேன். அப்புறமும் கணக்குப் பிரிவு கோப்பை இரண்டு முறை திருப்பிவிட்டது. ஆறு வாரம் ஆகிறது.

ஒரே விற்பனையாளரிடம் வாங்க ஒப்புதல் பெற்றவர்கள், கோப்பில் வேறு எந்த ஆவணத்தை வைத்தீர்கள்?