புல்லாங்குழலா, கிளாரினெட்டா, நாகஸ்வரமா? வாய்ப்பாட்டு ஓரளவு தெரிந்தவருக்கு எது சரி?

கேள்வி:
வயது 34. வாய்ப்பாட்டில் கீதம் வரை முறையாகக் கற்றிருக்கிறேன். இப்போது ஒரு காற்றுக்கருவி கற்க ஆசை. கர்நாடக இசைதான் முக்கியம். சினிமாப் பாட்டு வந்தால் சந்தோஷம். அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு எட்டு மணிக்கு மேல் அரை மணி நேரம்தான் கிடைக்கும். விரல்கள் சற்றுக் குட்டை. புல்லாங்குழல், கிளாரினெட், நாகஸ்வரம் மூன்றில் எதை எடுக்கலாம்?

பதில் 1:
உங்கள் நிலைமைக்குப் புல்லாங்குழல்தான். வாங்கும்போது "கர்நாடகக் குழல்" என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஊதுதுளை போக எட்டு துளைகள் இருக்கும். முதல் இரண்டை மூடினால் ஸட்ஜம் (ஸ). வடக்கத்திய பான்சுரியில் முதல் மூன்றை மூடினால்தான் ஸட்ஜம். அதை வாங்கிவிட்டால் இங்குள்ள ஆசிரியர் சொல்லும் விரலடைவு எதுவும் பொருந்தாது.

குட்டை விரலுக்கு 5 கட்டைக் குழல் நல்லது (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும், குழல் குட்டையாகும்). ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம் இருக்கும், துளைகள் நெருக்கமாக அமையும். கச்சேரியில் கேட்கும் 2½ கட்டைக் குழலின் நாதத்தில் மயங்கி அதையே முதலில் வாங்காதீர்கள். வலது மோதிர விரலும் சுண்டு விரலும் அகன்று நிற்க முடியாமல் காற்று கசியும்.

முதல் வாரம் விரல் பயிற்சியே வேண்டாம். ஊதுதுளையின் விளிம்பைக் கீழ் உதட்டில் பதித்து, துளையில் கால் பங்கு மட்டும் உதட்டால் மறையும்படி வைத்து, எதிர் விளிம்பை நோக்கி மெல்லிய கீற்றாக ஊதுங்கள். வெறும் காற்றுச் சத்தம் வந்தால் உதட்டுத் திறப்பு பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் பலமாக ஊதுவது தீர்வல்ல; குழலை உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் நூலளவு உருட்டிப் பாருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். தேவைக்கு மேல் மூச்சு செலவாவதால் வருவது அது, உதடு குவியக் குவிய நின்றுவிடும்.

பிறகு கீழ் ஸ்வரங்களுக்குப் போகும்போது நாதம் திடீரென்று மேல் ஸ்தாயிக்கு (அடுத்த ஏழு ஸ்வர அடுக்குக்கு) தாவும். பத்தில் ஒன்பது முறை மோதிர விரலடியில் கசிவுதான் காரணம். நுனியால் மூடாமல் விரலின் சதைப்பகுதியால் மூடுங்கள். வாய்ப்பாட்டு தெரிந்தவருக்கு இங்கே பெரிய லாபம் உண்டு. துளையைப் பாதி திறந்தும் விரலை உருட்டியும்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பிடிக்கிறோம். அது சரியாக விழுந்ததா என்று காதுதான் சொல்ல வேண்டும், உங்களுக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது.

பதில் 2:
கிளாரினெட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியே செய்து காட்டியவர். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: மேல் ஸ்தாயிக்கான சாவியை அழுத்தினால் அதே விரலடைவில் அடுத்த ஸட்ஜம் வராது, அதற்கும் மேலே உள்ள பஞ்சமம் (ப) வரும். ஆகவே இரண்டு ஸ்தாயிக்கும் தனித்தனி விரலடைவு கற்க வேண்டும். சாக்ஸபோனில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் துளைகள் எல்லாம் மூடிக்குக் கீழே இருப்பதால் விரலை வழுக்கிக் கமகம் கொடுக்க முடியாது, உதட்டாலும் தாடையாலும்தான் வளைக்க வேண்டும். கிளாரினெட்டில் ஏழு துளைகளை விரலே நேரடியாக மூடுகிறது.

வாங்கினால் பிளாஸ்டிக் உடல் போதும். மர உடல் ஏசி அறையில் வெடிக்கக்கூடும். ரீட் (மவுத்பீஸில் பொருத்தி ஊதும் நாணல் தகடு) 2 அல்லது 2½ எண். ரீடின் முனை மவுத்பீஸ் முனைக்கு மயிரிழை கீழே நிற்க வேண்டும். கீச்சென்று கத்தினால் முதலில் விரல் கசிவைப் பாருங்கள், அடுத்து மவுத்பீஸை அளவுக்கு மீறி வாய்க்குள் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து வையுங்கள். மூன்று ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் நீடிக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்குக் கட்டாயம் கேட்கும்.

பதில் 3:
நாகஸ்வரம் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுக்குமாடியில் முடியவே முடியாது, திறந்தவெளிக்கான நாதம் அது. மற்றபடி கமகத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

அதற்குக் குரு அருகில் இருப்பது அவசியம். பாதி வேலை சீவாளியில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டில், இருக்கிறது. காவிரிக் கரை நாணலில் செய்யும் சீவாளியை நனைத்து, வாய் திறந்திருக்கும் அளவைப் பார்த்து, கெண்டையில் (நாகஸ்வரத்தின் தலையில் செருகும் உலோகக் குழலில்) ஏற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். இதைக் கையைப் பிடித்துக் காட்டினால்தான் வரும். ஸ்வர நுணுக்கமும் மூச்சின் அழுத்தத்திலேயே பாதி அமைகிறது. அழுத்தம் தளர்ந்தால் ஸ்வரம் இறங்கிவிடும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு, ஆனால் வயது வரம்பு இருப்பதால் உங்களுக்குத் தனி ஆசிரியர்தான் வழி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குழல் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஊதத் தெரியாதே, கடையில் எப்படிச் சோதிப்பது?

பதில் 1:
ஊதத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். ஐந்து நிமிடம் ஊதிக் குழல் சூடேறிய பிறகே சுருதி பார்க்க வேண்டும், குளிர்ந்த குழல் சற்று இறங்கிப் பேசும். கைப்பேசியில் ட்யூனர் செயலியைத் திறந்து மத்திய ஸட்ஜம் (நடு ஸ்தாயி ஸ), தார ஸட்ஜம் (மேல் ஸ்தாயி ஸ) இரண்டையும் ஊதச் சொல்லுங்கள். ட்யூனர் காட்டும் சுருதிப் பிசகில் இரண்டுக்கும் பத்து சென்டுக்கு (அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தான இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் வித்தியாசம் இருந்தால் குழலின் மூடிய முனைக்குள் இருக்கும் அடைப்புத் தக்கை இடம் தப்பியிருக்கும், அல்லது துளையே பிசகியிருக்கும். வேறு குழல் கேளுங்கள்.

வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து நெடுக்குவாட்டில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊதுதுளையின் விளிம்பு சிதையாமல் கூராக இருக்க வேண்டும். இரு முனையிலும் நூல் சுற்றிய குழலாக இருந்தால் நல்லது, வெடிப்பு பரவாது. வீட்டுக்கு வந்தபின் மாதம் ஒருமுறை மெல்லிய துணியில் நல்லெண்ணெய் தொட்டு உட்புறம் தடவி, மறுநாள் துடைத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.