ஜூலைக்குள் ஒரு பழுத்த தக்காளி, கால்கரியில் முடியுமா?

தேனிக்காரன் (கால்கரி), பிப்ரவரி 20

வணக்கம். இங்கே கனடாவில், கால்கரியில், வீட்டுக்குப் பின்னால் தெற்கு பார்த்த இடத்தில் நாலடிக்கு எட்டடி பாத்தி ஒன்று போட்டிருக்கிறேன். போன வருடம் பெரிய பழம் தரும் பீஃப்ஸ்டேக் ரகம். பாக்கெட்டில் 80 நாள் என்று இருந்தது. ஏப்ரல் 10 வாக்கில் ஜன்னலோரம் விதைத்து, ஜூலையில் பழம் என்று கணக்குப் போட்டேன். நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது. மே கடைசியில் நட்டதும் இரண்டு வாரம் அசையவே இல்லை, இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிவிட்டது. பூத்ததில் பாதி காம்போடு உதிர்ந்தது. முதல் பழம் செப்டம்பர் 2. அடுத்த பதினைந்தாம் நாள் உறைபனி. ஒரு கூடை பச்சைக் காயை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.

இந்த வருடம் அம்மா ஏப்ரலில் வருகிறார், ஜூலை 25 திரும்புகிறார். ஊரில் தக்காளி போட்டு, விடிவதற்கு முன் பறித்து, கூடை கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவர் கையால் இந்த மண்ணிலிருந்து ஒரு பழமாவது பறிக்க வேண்டும். வழி இருந்தால் சொல்லுங்கள்.

எட்மன்டன் அக்கா, பிப்ரவரி 20

தம்பி, முடியும். நான் இங்கே பதினான்கு வருடமாகத் தக்காளி போடுகிறேன், ஜூலை பழம் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 80 நாள் கணக்கு. பாக்கெட்டில் போட்டிருப்பது நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து. அதற்கு முன் வீட்டுக்குள் ஆறு, எட்டு வாரம் தனி. அதுவும் இதமான ஊர்க் கணக்கு. நம் பக்கம் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் பெரிய பழ ஆசையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ‘சப் ஆர்க்டிக் பிளென்டி’ வாங்குங்கள். நம் ஆல்பர்ட்டா மாகாணத்திலேயே, பீவர்லாட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குட்டை ரகம், சின்னப் பழம். கூடவே ‘ஓரிகன் ஸ்பிரிங்’ இரண்டு செடி. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகட் உருவாக்கியது. குளிரில் மகரந்தம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் விதையில்லாமலே காய் பிடிக்கும்.

உங்கள் பூ உதிர்ந்ததற்குக் காரணம் இரவுக் குளிர். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. கால்கரி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். ஜூலையிலேகூட இரவு சராசரி 10 டிகிரியை ஒட்டித்தான். நான் உங்களுக்கு வடக்கே இருந்தாலும் என் இரவு கொஞ்சம் இதமானது. ஊதா நிறமும் குளிரின் வேலைதான். மண் குளிர்ந்திருந்தால் வேரால் பாஸ்பரஸை எடுக்க முடியாது. உரம் போட்டுத் தீராது, மண்ணைச் சூடாக்க வேண்டும்.

ஆக, மார்ச் 5-க்குள் விதையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதாது. சாதாரண எல்இடி குழல் விளக்கை நாற்றுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் கட்டி, தினம் 16 மணி நேரம் எரிய விடுங்கள். ஏப்ரல் நடுவில் பாத்தி மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து ஓரத்தில் கல் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டரை ஒரு சாண் ஆழம் குத்திப் பாருங்கள். காலையில் 15 டிகிரி காட்டினால் மண் தயார்.

அப்புறம் தண்ணீர் உறை. இதை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. செடியைச் சுற்றி வட்டமாக நிற்கும் பிளாஸ்டிக், அதில் குழல் குழலாக அறைகள், மொத்தம் 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பகல் வெயிலை வாங்கி இரவில் விடும். தண்ணீர் உறைந்தாலும் பயப்படாதீர்கள், அப்போதுதான் பெரிய உதவி. ஒரு லிட்டர் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது உறையும்போது அவ்வளவும் வெளியே வரும். மே முதல் வாரம் நட்டு, மைனஸ் 5 வந்த இரவிலும் என் செடிகள் உள்ளே பச்சையாக நின்றிருக்கின்றன. நடுவதற்கு ஒரு வாரம் முன்பே உறையை நிறுத்தி மண்ணைச் சூடாக்கிவிடுங்கள். நாற்றையும் பத்து நாள், தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள்.

வடகிழக்குக் கால்கரி, பிப்ரவரி 21

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆலங்கட்டியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 13 மாலை எங்கள் வீட்டுச் சுவர் உறையெல்லாம் ஓட்டை ஓட்டையாகிவிட்டது. தோட்டத்தில் தண்டு மட்டும் நின்றது. அதிலிருந்து பாத்தி மேல் வளைவுக் குழாய் நட்டு வலை போட்டுவிடுகிறேன். இன்னொன்று, இரண்டு செடியை 20 லிட்டர் வாளியில் வையுங்கள். வானம் கறுத்தால் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடலாம்.

தேனிக்காரன் (கால்கரி), பிப்ரவரி 21

ரொம்ப நன்றி அக்கா, நண்பரே. விதைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ஜூலை 20-க்குள் பழுக்குமா என்று எந்தக் கட்டத்தில் தெரியும்?

எட்மன்டன் அக்கா, பிப்ரவரி 22

பூவில் தெரிந்துவிடும் தம்பி. சின்னப் பழத்துக்கும் பூவிலிருந்து பழுக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். மே கடைசியில் விரியும் பூவில் காய் பிடித்தால் அம்மாவுக்குப் பழம் உண்டு. அதனால் வாளிச் செடியைத் தினமும் இரவு வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், சோம்பல் பார்க்க வேண்டாம். நடுப்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். மகரந்தம் உள்ளேயே கொட்டும். முதல் பூ விரிந்த தேதியைக் குறித்து இங்கே எழுதுங்கள், நானும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இந்தச் சுண்டுகிற வேலையை அம்மாவிடமே கொடுங்கள்.